மானிட்டரின் இரு பீரங்கிகள்

மார்ச் 6, நியூபோர்ட் நியூஸ்

மகள் வேலைக்குக் கிளம்பியதும் மரைனர்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கோவை ஃபவுண்டரியில் ஆயுளைக் கழித்தவனுக்கு வர்ஜீனியாவில் இதைவிடப் பெரிய தரிசனம் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 'மானிட்டர்' இரும்புக் கப்பலில் இருந்த இரண்டு டால்கிரன் பீரங்கிகளைப் பதப்படுத்திப் பாதுகாக்கும் இடம் இது. 1859இல் நியூயார்க்கின் வெஸ்ட் பாயின்ட் ஃபவுண்டரியில் வார்த்தவை. குழலின் விட்டம் 11 அங்குலம், எடை ஒவ்வொன்றும் 7 டன்.

மார்ச் 7

இந்தப் பீரங்கிகளை வடிவமைத்த டால்கிரனைப் பற்றியே நாள் முழுக்க நினைப்பு. 1849இல் வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் சோதனையின்போது ஒரு பீரங்கி வெடித்து, அதை இயக்கியவர் இறந்தார். அதன்பிறகு டால்கிரன் பீரங்கியின் வடிவத்தையே மாற்றினார். மருந்து வெடிக்கும் பின்பகுதியில்தான் அழுத்தம் அதிகம். அங்கே இரும்பைக் கனமாக வைத்து, வாய்ப்பக்கம் மெலிந்துகொண்டே போகும்படி செய்தார். சோடா பாட்டில் என்று பட்டப்பெயர். கூர்மையான விளிம்பு எங்கும் கிடையாது. வார்ப்பில் விரிசல் எங்கே தொடங்கும் என்று அறிந்த மனிதர்.

மார்ச் 9

ஹாம்ப்டன் ரோட்ஸ் சண்டை நடந்தது 1862இல் இதே நாளில். தெற்கத்தியரின் 'வர்ஜீனியா' கப்பலும் மானிட்டரும் சுமார் நான்கு மணி நேரம் மோதின. இரும்புக் கவசக் கப்பல்கள் இரண்டு நேருக்கு நேர் மோதியது அதுவே முதல்முறை. யாரும் ஜெயிக்கவில்லை. மானிட்டரின் பீரங்கிகளுக்கு அன்று ஒரு குண்டுக்கு அனுமதித்த வெடிமருந்து 15 பவுண்டு மட்டுமே. அதைப்போல் இரு மடங்கை அவை தாங்கும் என்பது பிறகு தெரிந்தது. 1844இல் 'பிரின்ஸ்டன்' கப்பலில் பீரங்கி வெடித்து வெளியுறவுச் செயலரும் கடற்படைச் செயலரும் மாண்ட பயம் கடற்படையை விட்டுப் போகவில்லை; அதனால்தான் இந்த வரம்பு. அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். வார்ப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல அன்று வழி ஏது?

அதே ஆண்டு டிசம்பர் 31 அதிகாலை, ஹட்டராஸ் முனைக்கு அப்பால் புயலில் மானிட்டர் மூழ்கியது. 16 பேர் இறந்தார்கள். சிதைவை 1973இல் கண்டுபிடித்தார்கள். 2002இல் பீரங்கிகள் இருந்த சுழல் கோபுரத்தை அவற்றோடு சேர்த்து மேலே தூக்கினார்கள். உள்ளே இரண்டு மாலுமிகளின் எலும்புகள். 2013இல் ஆர்லிங்டனில் அவர்களை அடக்கம் செய்தார்கள்.

மார்ச் 10

இன்று முழுக்க பீரங்கிகளில் ஊறிய கடலுப்பைப் பற்றித்தான் நினைப்பு. கடலடியில் வார்ப்பிரும்பின் மேலடுக்கிலிருந்து இரும்பு கரைந்துபோய், கிராஃபைட் மட்டும் பழைய உருவத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பார்க்க முழுசாக இருக்கும், கத்தியால் சீவலாம். வெளியே எடுத்துக் காயவிட்டால் உள்ளிருக்கும் குளோரைடு காற்றோடு சேர்ந்து புதுத் துருவைக் கிளப்பும். மேல்தோல் வெடித்துப் பாளம் பாளமாக உதிரும். அதனால்தான் பீரங்கிகளைத் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மூழ்கவைத்து, மெல்லிய மின்சாரம் செலுத்தி, குளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறார்கள். கரைசலில் உப்பு ஏறினால் மாற்றுகிறார்கள். வருடக்கணக்கில் இதே வேலை. அவசரப்பட்டால் பீரங்கியே இல்லை.

குழலுக்குள் இறுகிய கடல்படிவை அதற்கென்றே செய்த துளைகருவியால் குடைந்தெடுத்தார்கள். கப்பல் மூழ்கும்போது ஒரு பீரங்கிக்குள் கறுப்புப் பூனையைத் திணித்ததாக ஒரு மாலுமி பின்னாளில் எழுதியிருந்தார். பூனையின் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வெளிப்புறப் படிவை அகற்றியதும் பீரங்கிகளின் மேல் பொறித்த பெயர்கள் தெரிந்தன: ஒன்றில் கப்பலின் தலைவர் வோர்டன், இன்னொன்றில் கப்பலை வடிவமைத்த எரிக்சன்.

மார்ச் 11

ஊரில் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். வலையில் பழைய இரும்பு எது சிக்கினாலும் சுத்தியலால் தட்டாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள், பெயின்ட் அடிக்காதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்துவிட்டு, தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள்.