ஒரு லைனு, மூணு பொட்டி

போன வாரம் பரண் மேல எதையோ தேடப்போய் ஒரு பழைய நீலக்கலர் கேபிள் சுருள் கையில சிக்குச்சு. நடுவுல கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தின ஒரு ஒட்டு. "இதையெல்லாம் பழைய சாமான்காரருக்குப் போடலாமா?" என்று தங்கமணி கேட்டார். வேணாம்னுட்டேன். ஏன்னு கேட்டதுக்குப் பதில் சொல்ல வரல. இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

எங்க ஊர் ஒடுகத்தூர். வேலூர் மாவட்டத்துல ஜவ்வாது மலை அடிவாரம். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைன்னு சொன்னா சிலருக்குத் தெரிஞ்சிருக்கலாம். பிஎஸ்என்எல்காரர்கள் 2005 ஜனவரியில் 'டேட்டாஒன்' என்று பிராட்பேண்டை ஆரம்பித்தார்கள். எங்க வீட்டுக்கு 2008-ல வந்தது. மாசம் 500 ரூபாய். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு வேணா இறக்கிக்கலாம். மத்த நேரத்துக்கு அளவு உண்டு, தாண்டினா ஒவ்வொரு எம்பிக்கும் தனிக்காசு. அந்தக் காலத்துல பாதி தமிழ்நாட்டு இளைஞர்கள் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சு எழுந்தது படிக்கறதுக்கு இல்லீங்க :-)

பெரியப்பா வீடும் எங்க வீடும் ஒரே காம்பவுண்டு. அவங்க வீட்ல ரெண்டு பொட்டி. ஒண்ணு அக்காவுது (பெரியப்பா பொண்ணு), இன்னொண்ணு அவ தம்பி, எனக்கும் தம்பிதான், பாகம் பாகமா வாங்கிக் கோர்த்தது. "லைனு ஒண்ணு போதும், காசைப் பிரிச்சுக்கலாம்" என்று பெரியப்பா தீர்ப்பு சொல்லிட்டார்.

சரி, ஒரு லைனை மூணு பொட்டிக்கு எப்படிக் கொடுக்கறது? விண்டோஸ் 98-ன் இரண்டாம் பதிப்பிலேயே 'இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்' என்று ஒரு வசதி வந்துடுச்சு. எக்ஸ்பியிலும் இருந்தது. என் பொட்டியில ரெண்டு லேன் கார்டு. ஒண்ணு மோடத்துக்கு, இன்னொண்ணு வேலூர்ல வாங்கின அஞ்சு போர்ட் சுவிட்சுக்கு. சுவிட்ச்சிலிருந்து கொல்லைப்பக்கமா கேபிள் பெரியப்பா வீட்டுக்குப் போகும். ஷேரிங்கை ஆன் பண்ணினதும் என் பொட்டிக்கு 192.168.0.1 என்று விலாசம் வந்துடும். மத்த ரெண்டுக்கும் அதுவே விலாசம் கொடுக்கும். வெளியுலகத்துக்கு மூணு பொட்டி இருக்கறதே தெரியாது, ஒரே ஒரு விலாசம்தான் தெரியும். யார் என்ன கேட்டாலும் என் பொட்டி வாங்கி, தன் பேர்ல வெளியே கேட்டு, வர்ற பதிலை உரியவங்ககிட்ட பிரிச்சுக் கொடுக்கும். கூட்டுக்குடும்பத்துல தலைவாசல் மாதிரி.

இதுல ஒரே ஒரு சிக்கல். தலைவாசலை நான் சாத்தினா எல்லாருக்கும் நெட் கட்.

அந்த டேப் ஒட்டு எப்படி வந்துச்சுன்னா, குலதெய்வத்துக்குப் படைக்க சந்தையில வாங்கின கிடாவை முருங்கை மரத்துல கட்டிப் போட்டாங்க. அது கேபிளை ருசி பார்த்துடுச்சு. உள்ளே எட்டு ஒயர் இருந்தாலும் அந்த 100 எம்பி வேகத்துக்கு நாலுதான் வேலை செய்யும். அதனால நாலை மட்டும் முறுக்கி டேப் சுத்தினேன். அந்த ஒட்டோடயே ரொம்ப நாள் ஓடுச்சு. கிடாதான் பாவம்.

நெட் வேணும்னா பெரியம்மாவே வந்து "இன்னாடா, உன் பொட்டிய போட்டுட்டியா? அக்காவுக்கு வேணுமாம்" என்பார். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. மறைக்காம சொல்லிடறேன். ஏன்னா, எங்களுக்குக் கொடுத்த மோடத்துக்குள்ளேயே ரவுட்டர் வேலையும் இருக்கு, 192.168.1.1-க்குள்ள போய் 'பிரிட்ஜ்' என்பதை 'பிபிபிஓஇ' என்று மாத்தி, யூசர்நேம் பாஸ்வேர்டை அங்கேயே கொடுத்துட்டா யார் பொட்டியும் ஓடிக்கிட்டு இருக்கத் தேவையில்லைன்னு கூடப் படிச்ச ஒருத்தன் எனக்கு முதல் மாசமே சொல்லிட்டான். நான்தான் செய்யல. "அதெல்லாம் ரிஸ்க்கு" என்று வீட்ல கதை விட்டேன்.

மூணாவது மாசம் பில் 1,100 ரூபாய்க்கு மேல வந்துச்சு. வீடு ரெண்டாச்சு. தம்பிதான் பாட்டா இறக்கறான்னு நான் கத்த, "உன் பொட்டி வழியாத்தானே எல்லாம் போவுது, உனக்குத்தான் தெரியணும்" என்று அக்கா சொல்ல, நான் பேச்சை நிறுத்திட்டேன். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி பத்து மணிக்கு, வழக்கமா ஓடவிடற பொட்டியை ஷட்டவுன் பண்ணிட்டுப் படுத்துட்டேன். வேணும்னேதான்.

அன்னைக்கு சாயங்காலம் பூரா கரண்டு இல்லை. ஒன்பதரைக்கு மேலதான் வந்துச்சு. அக்கா ஒரு வேலைக்கு ஆன்லைன்ல விண்ணப்பம் போட உட்கார்ந்திருக்கா. கடைசித் தேதி அன்னைக்குத்தான். பாதியில நெட் போச்சு. பதினஞ்சு அடி தள்ளி என் ஜன்னல். வந்து தட்டியிருக்கலாம். சண்டைங்கறதால தட்டல. பன்னெண்டு மணி வரைக்கும் பொட்டி முன்னாடியே உட்கார்ந்திருந்தாளாம். காலையில பெரியம்மா சொன்னாங்க. அக்கா ஒண்ணும் சொல்லல. திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம்தான் எந்த நேரத்துல எவ்வளவு செலவாச்சுன்னு கணக்கை எடுத்துப் பார்த்தேன். தினமும் காலை 8-லிருந்து 9 வரைக்கும் ஏகப்பட்ட எம்பி. என் பொட்டியில சீமாஸ் பேட்டரி தீர்ந்துபோய் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2-லிருந்து 8 வரைக்கும்னு நான் டவுன்லோடுக்கு வெச்ச நேரம், உண்மையில 3-லிருந்து 9 வரைக்கும். தம்பி மேல தப்பே இல்லை.

அன்னைக்கே மோடத்தை மாத்தினேன். பத்து நிமிஷ வேலை. கேபிளை மோடத்திலிருந்து நேரா சுவிட்சுக்குக் குத்தினேன், அவ்வளவுதான். பெரியப்பா வீட்டுக்குப் போய் கடிகார விஷயத்தையும் சொன்னேன். மோடத்தை முன்னாடியே மாத்தியிருக்கலாம்ங்கறதை மட்டும் சொல்லல. அக்காவுக்கு அடுத்த வருஷம் வேற வேலை கெடைச்சுது. அந்த வேலை கெடைச்சிருக்குமான்னு யாருக்குத் தெரியும்.

2020 ஊரடங்கில் எல்லாரும் ஊருக்கு வந்து சேர்ந்தோம். என் பையனுக்கு ஆன்லைன் கிளாஸ், எனக்கு வீட்டிலிருந்து வேலை. என் போன்ல சிக்னல் கோடு ஒண்ணு, அதுவும் வரும் போகும். அக்கா போன் வேற கம்பெனி, நல்லா எடுத்துச்சு. ஹாட்ஸ்பாட்டைப் போட்டு போனை அந்த ஜன்னல் திட்டு மேல வெச்சா. பாஸ்வேர்டைப் பையன்கிட்ட எழுதிக் கொடுத்துட்டு என்னைப் பார்த்து, "சார்ஜர்லயே போட்டு வெச்சிருக்கேன்டா. ராத்திரியும் ஓடும்" என்றாள்.

நான் தலையாட்டிட்டு உள்ளே போயிட்டேன். மோடம் விஷயத்தை இன்னும் சொல்லல.