சித்திரை வெக்கையில் மீன்தொட்டி

சித்திரை பிறந்தால் உரும்பிராயில் காற்று செத்துப்போகும். வாடை போய்விட்டது, சோளகம் இன்னும் எழும்பவில்லை. பிளாட் போட்ட வீட்டுச் சுவரில் பின்னேரம் கை வைத்தாலும் சுடும். அந்தச் சுவரோடு ஒட்டி வைத்த மீன்தொட்டியின் வெப்பமானி 32, 33 பாகையில் நிற்கும்.

"மாமா, மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுகள். ஐஸ் போடட்டோ?" என்று பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடிவந்தான். போய்ப் பார்த்தேன். தங்கமீன்கள் நீர்மட்டத்தோடு மூக்கை வைத்தபடி நின்றன. செவுள் மூடிகள் ஓயாமல் அடித்தன. போட்ட தீனி தொடப்படாமல் அடியில் ஊறிக் கிடந்தது.

அவை தவித்தது மூச்சுக்காக. ஒரு லீற்றர் தண்ணீர் 25 பாகையில் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் 7.6 தான். குறைவது கொஞ்சம்போலத் தெரியும். ஆனால் அதே சூடு மீனின் உடம்பை வேகமாக ஓடவிட்டு, அதன் தேவையைக் கூட்டிவிடுகிறது. அதனால் முதல் வேலையாகத் தீனியை நிறுத்தினோம், விளக்கை அணைத்தோம், எயார் பம்பைக் கூட்டிவிட்டோம்.

ஐஸ் வேண்டாம் என்றேன். அவனுடையது 60 லீற்றர் தொட்டி. ஒரு லீற்றர் ஐஸ் போத்தல் உருகித் தொட்டிச் சூட்டுக்கு வருவதற்குள் 110 கிலோகலோரி அளவு வெப்பத்தைத்தான் உறிஞ்சும். இரண்டு பாகைகூட இறங்காது. இறங்கியதும் சில மணித்தியாலத்தில் திரும்ப ஏறிவிடும். இப்படி ஏறி இறங்குவதும் மீனுக்கு ஒரு தண்டனைதான். அதே ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போனால் 580 கிலோகலோரி அளவைக் கொண்டுபோகும், அதுவும் ஆறுதலாக. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

ஆகவே தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாமல் நுளம்பு வலையை இழுத்துக் கட்டினோம். சின்ன மேசை மின்விசிறியைத் தண்ணீரின் மேலே சரிவாகக் காற்றுப்படும்படி வைத்தோம். இரண்டு, மூன்று பாகை குறையும். யன்னலைத் திறந்து வைக்கவேண்டும். எழும்புகிற ஈரம் அறைக்குள்ளேயே தங்கினால் மின்விசிறி சும்மா சுற்றும். புழுக்கம் கூடிய நாட்களில் பலன் குறைவுதான். சோளகம் வந்த பிறகு யன்னலோரக் காற்றே பாதி வேலையைப் பார்த்துவிடும். ஆனால் வெயில் படுகிற யன்னல் கூடாது.

நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்கும். அதை எந்தத் தண்ணீரால் நிரப்புவது என்பதில் நான் பிடிவாதக்காரன். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கியவை. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பு தொட்டியிலேயே நிற்கும். அதற்குமேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியில் நகத்தால் சுரண்டினாலும் போகாத வெள்ளைக் கோடு படிவது அதனால்தான். தோட்டங்களில் போடும் உரத்தின் நைத்திரேற்றும் பல கிணறுகளில் இருக்கிறது. அது பாசிக்கு நல்ல சாப்பாடு. குறைந்ததை நிரப்ப மழைத் தண்ணீர்தான் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரைக் கான்களில் பிடித்து, நுளம்பு போகாமல் இறுக மூடி நிழலில் வைத்தால் சித்திரைக்கு உதவும். தொட்டித் தண்ணீரை இடையிடையே மாற்றும்போது மட்டும் கிணற்றுத் தண்ணீரை எடுக்கலாம்.

கறண்ட் இல்லாவிட்டால்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான நேரம் நனைத்த துணியைக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டலாம். ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினால் காற்றும் கலக்கும். விடியப்புறத்தில் ஒருமுறை எழும்பி ஊற்றுவது முக்கியம். செடி வைத்த தொட்டியில் ஒட்சிசன் ஆகக் குறைவது அந்த நேரத்தில்தான்.

எனக்கு உண்மையில் மனம் நோவது தங்கமீனை இங்கே உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து வளர்ப்பதைப் பார்த்துத்தான். அது சீனத்துக் கெண்டை இனம். 20 பாகையை ஒட்டிய தண்ணீரில் சுகமாக இருக்கும். நியோன் டெட்ராவோ அமேசனின் மென்தண்ணீர் மீன். எங்கள் கடினத் தண்ணீருக்குக் கப்பியும் மொலியும் பொருந்தும். சூட்டையும் ஓரளவு தாங்கும். கௌராமியும் ஃபைற்றரும் மேலே வந்து வெளிக்காற்றையே சுவாசிக்கக்கூடியவை. பொடியனிடம் சொன்னேன்: "இருக்கிற தங்கமீனைக் கவனமாகப் பார். வெயில் படாத சுவர்ப் பக்கம் தொட்டியை மாற்று. இனி வாங்குவதென்றால் மொலி வாங்கு."