கண்ணாடி கழன்ற பிறகு

லாசிக் சிகிச்சை இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அரை மணிக்குள் முடிந்துவிடும். அதிலும் லேசர் ஒளி கருவிழியில் படும் நேரம் நொடிக்கணக்குதான். அதற்கு முன்பு நடக்கும் பரிசோதனைக்கு அரை நாள் பிடிக்கும். விளம்பரங்கள் எல்லாம் அந்தச் சில நொடிகளைப் பற்றியே பேசுகின்றன. என் அக்கா மகளுக்குத் துணையாகக் கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த அரை நாள்தான் உண்மையான சிகிச்சை என்று எனக்குத் தோன்றியது.

அவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். துணி வேகும் பாத்திரத்தைத் திறந்ததும் ஆவி அடித்துக் கண்ணாடி முழுக்க மங்கிப்போகும். அதற்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி வேறு மாட்டியாக வேண்டும். சாயத்தின் நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே வேலையாக இருக்கும் பெண்ணுக்கு நாள் முழுக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதே இன்னொரு வேலையாகிவிட்டது. அதனால் அவளாகவே முடிவெடுத்தாள். உறவுக்காரர்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "கல்யாணத்துக்கு முன்னால முடிச்சுக்கறது நல்லதுதான்" என்று அக்காவிடம் இரண்டு பேர் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களின் பார்வைக்காக ஒருத்தி தன் கருவிழியைச் செதுக்கிக்கொள்ள வேண்டுமென்றால் நான் துணைக்குப் போயிருக்க மாட்டேன், தடுத்திருப்பேன். அவள் தன் வேலைக்காகக் கேட்டாள், போனேன்.

கான்டாக்ட் லென்ஸ் போடுவதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். லென்ஸ் அழுத்தியிருக்கும் கருவிழி தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பினால்தான் அளவு சரியாக இருக்கும். அன்று காலையில் முதலில் பவர் பார்த்தார்கள். போன வருடத்துச் சீட்டையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டார்கள். இரண்டிலும் மைனஸ் ஐந்தரை. ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருந்தால்தான் மேற்கொண்டு பேசுவார்கள். கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று பார்க்கக் கீழிமையில் சிறு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார்கள். ஏற்கெனவே கண் வறண்டு எரிகிறவர்களுக்கு இந்தச் சிகிச்சைக்குப் பின் எரிச்சல் கூடும். லேசர் கருவிழியின் நரம்புகளையும் சேர்த்தே வெட்டுகிறது. அவை மறுபடி வளர மாதங்கள் ஆகும், அதுவரை கண்ணீர் குறைவாகத்தான் சுரக்கும்.

பிறகு கருவிழியின் தடிமனையும் வளைவையும் படமெடுத்தார்கள். மருத்துவர் அந்தப் படத்தைத் திருப்பிக் காட்டிக் கணக்குப் போட்டுச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் கருவிழியின் தடிமன் 530 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். மேலே மூடிபோல் திறக்கும் படலத்துக்கு 110 போய்விடும். ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் வீதம் ஐந்தரை பவருக்கு 77 மைக்ரான் செதுக்க வேண்டும். மிச்சம் 343. அடியில் 250 மைக்ரானாவது தொடாமல் நிற்க வேண்டும் என்பது பழைய விதி, இப்போது பலரும் 300ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள். அவளுக்கு இடம் இருந்தது. இதே கணக்கில் 480 மைக்ரானும் மைனஸ் எட்டும் உள்ள ஒருவருக்கு அந்த 300 மிஞ்சாது. பணமும் ஆசையும் அந்தக் கழித்தலை மாற்ற முடியாது.

அன்று அதே கூடத்தில் ஒரு பையனுக்கு வேண்டாம் என்று சொன்னார்கள். அவனுக்குத் தடிமன் போதுமாக இருந்தது. ஆனால் வளைவுப் படத்தில் கீழ்ப்பக்கம் கூர்ந்து சரிந்திருந்தது. கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோயின் தொடக்கமாக இருக்கலாமாம். கண்ணைக் கசக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்தே உண்டு என்றான். அப்படிப்பட்ட கருவிழியில் லேசர் வைத்தால் அது மேலும் பலவீனப்பட்டுப் பார்வையே குலையும். ரிபோஃபிளேவின் சொட்டுவிட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சிக் கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சை பற்றி அவனோடு வந்த அப்பாவுக்கு விளக்கினார்கள். கண்ணாடியைக் கழற்ற வந்த பையன் தன் நோயை உரிய காலத்தில் தெரிந்துகொண்டு போனான். அவன் முகம் வாடியிருந்தது. அவனுக்குக் கிடைத்த அந்த 'வேண்டாம்' எவ்வளவு பெரிய உதவி என்று அவன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குப் படிக்கிற ஒருவனும் அங்கே இருந்தான். லாசிக் செய்துகொண்டவர்களை அந்த வேலைக்கு எடுப்பதில்லை என்பது அவனுக்கு அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

சிகிச்சை அன்று அவள் வெளியே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "முடி கருகற மாதிரி வாசம் வந்துதுங்க சித்தி" என்பதுதான். பலரும் இதைச் சொல்லிப் பயப்படுகிறார்கள். கண் சுடப்படுகிறதோ என்ற பயம். அங்கே எதுவும் கருகுவதில்லை. இந்த லேசர் முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் ஊரில் படித்தவர் என்பதை அவளுக்குச் சொன்னேன். சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர் பிளாஸ்டிக்கைச் சூடாக்காமல் மெல்லிய அடுக்குகளாக எடுத்துவிடுவதை அவர் பார்த்திருந்தார். சதையிலும் அது நடக்குமா? 1981 நவம்பரில், நன்றி நவிலல் விருந்துக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் அதன்மேல் அந்த ஒளியைப் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக இருந்தது. ஓரங்களில் கருகல் இல்லை. அந்த ஒளி மூலக்கூறுகளின் பிணைப்பையே முறித்து அவற்றை ஆவியாகக் கிளப்பிவிடுகிறது, பக்கத்துத் திசுவுக்கு வெப்பம் போய்ச் சேருவதில்லை. மூக்கில் ஏறுவது அப்படிக் கிளம்பிய துகள்களின் வாசனைதான். அவரோடு ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இருவரும் இதில் உழைத்தார்கள். 1983இல் நியூயார்க் கண் மருத்துவர் ஸ்டீபன் டிரோக்கலுடன் சேர்ந்து சீனிவாசன் கருவிழியில் இதைச் சோதித்தார். 1995இல் அமெரிக்க அரசு இந்த லேசரைப் பார்வைத் திருத்தத்துக்கு அனுமதித்தது. முதல் சோதனையிலிருந்து அதுவரை பதினான்கு ஆண்டுகள். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதை பெருகுகிறது.

கருவிழியின் மேற்படலத்தைப் புத்தகத்தின் பக்கத்தைப்போல் ஒரு ஓரத்தில் ஒட்டவிட்டுப் புரட்டி, அடியில் செதுக்கிவிட்டு மறுபடி மூடிவிடுகிறார்கள். தையல் கிடையாது. அது தானே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்த ஒட்டு பழைய வலுவுக்கு ஒருபோதும் முழுதாகத் திரும்பாது. அதனால் முதல் நாட்களில் கசக்கக் கூடாது, தூங்கும்போது பிளாஸ்டிக் கவசம் போட வேண்டும், தலைக்குக் குளிக்கக் கூடாது, மை தீட்டக் கூடாது. அக்கா வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலைத் தள்ளிப்போட்டாள். இதெல்லாம் எல்லோரும் கடைப்பிடித்துவிடுவார்கள்.

நான் பயப்படுவது சொட்டு மருந்தைப் பற்றி. சிகிச்சைக்குப் பின் கொடுக்கும் சொட்டுகளில் ஒன்று ஸ்டீராய்டு. சொன்ன நாள்வரை போட்டு, சொன்னபடி குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து அது. நம் ஊரில் கண் சிவந்தால் மெடிக்கல் கடையில் போய் "போன தடவை குடுத்ததே குடுங்க" என்று கேட்கும் வழக்கம் இருக்கிறது. போட்டவுடன் சிவப்பு அடங்கிவிடுவதால் நம்பிக்கை பிறந்துவிடுகிறது. மாதக்கணக்கில் அதைப் போட்டால் சிலருக்குக் கண்ணின் நீரழுத்தம் ஏறும், வலி இல்லாமல் பார்வை நரம்பு அழியும். அழிந்தது திரும்பி வராது. லாசிக் செய்துகொண்டவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. மெலிந்த கருவிழியில் அழுத்தமானி உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். பார்க்கிற மருத்துவருக்கு லாசிக் நடந்தது தெரியாவிட்டால் எல்லாம் சரியாக இருப்பதாகவே எண்ணிவிடக்கூடும்.

இதோடு சேர்ந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும். கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி முன்பின்னாக நீண்டுபோனதால் வருவது. வளர்ந்தவரின் கண் சாதாரணமாக 24 மில்லிமீட்டர் அளவு நீளம். அது ஒரு மில்லிமீட்டர் கூடினால் இரண்டரை, மூன்று என்று மைனஸ் ஏறிவிடும். லேசர் முன்பக்கத்துக் கருவிழியைத் தட்டையாக்குகிறது. பின்பக்கம் அப்படியே இருக்கிறது. நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், ஓட்டை விழலாம், கழன்றும் போகலாம். கண்ணாடி இல்லாமல் பேருந்துப் பலகையைப் படிக்கிற அந்தப் பெண்ணுக்குள் இருப்பது அதே மைனஸ் ஐந்தரைக் கண்தான்.

கண்ணாடி இருந்தவரை வருடத்துக்கு ஒருமுறை பவர் பார்க்கவாவது மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தாள். பவர் பார்க்கப் போன இடத்தில் அழுத்தம் பார்ப்பார்கள், சொட்டுவிட்டுக் கண்பாவையை விரித்து விழித்திரையும் பார்ப்பார்கள். கண்ணாடி போனதும் போவதற்குக் காரணமே இல்லாமல் ஆகிவிடுகிறது. நன்றாகத் தெரிகிறபோது யார் போவார்கள்? என் உறவிலும் நட்பிலும் லாசிக் செய்துகொண்டவர்கள் பலர், அதன் பின் கண் மருத்துவரைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள். நாற்பதைத் தாண்டிப் படிக்கச் சிரமம் வந்த பிறகுதான் போகிறார்கள். அது லேசர் தோற்றதால் வருவதில்லை. உள்ளே இருக்கும் லென்ஸ் விறைப்பதால் எல்லோருக்கும் வருவது.

மருத்துவக் கோப்பையும் பத்திரமாக வைக்க வேண்டும். அறுபது வயதில் புரை அறுவை நடக்கும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கருவிழி வளைவையும் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். லாசிக் அந்த வளைவை மாற்றிவிட்டதால் வழக்கமான கணக்கு பிசகும். பழைய அளவுகள் கையில் இருந்தால் மருத்துவருக்குப் பெரிய துணை. சிகிச்சைக்கு முந்தைய பவர், தடிமன், வளைவுப் படம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, அவள் பட்டச் சான்றிதழ்களோடு சேர்த்து வைக்கச் சொன்னேன்.

அக்காவின் சின்னப் பேரனுக்கு இப்போதே மைனஸ் ஒன்று. நீண்டுவிட்ட கண்ணைப் பிறகு சுருக்க முடியாது, ஆனால் வளரும் கண்ணின் நீட்சியை ஓரளவு தாமதப்படுத்தலாம். தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வெளியில் இருக்க ஊக்கப்படுத்துகிறார்கள், வெளிச்சம் கண்ணின் நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்பதால். "பெரியவனானா லாசிக் பண்ணிக்கலாம்" என்று அவன் அப்பா சொன்னது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சாயங்காலம் அவனைக் கைப்பேசியிலிருந்து பிரித்து மைதானத்துக்கு அனுப்புவது அந்த லேசரைவிட அவன் கண்ணுக்கு அதிகம் செய்யும்.

அக்கா மகளை நச்சரித்து வருடாந்தரப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முன்பு பார்க்காத மருத்துவர். கண்ணில் என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு, "தொந்தரவு எதுவும் இல்லைங்க, லாசிக்குக்கு முன்னால மைனஸ் அஞ்சரை" என்று சொல்லியிருக்கிறாள். சொட்டுவிட்டுப் பார்த்ததில் இடது விழித்திரையின் ஓரத்தில் ஒரு பட்டை மெலிந்திருந்தது. இப்போதைக்குச் சிகிச்சை தேவையில்லை, ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மருத்துவர். திடீரென்று கறுப்புப் புள்ளிகள் கூட்டமாய் மிதந்தாலோ, மின்னல்போல் வெட்டினாலோ, ஓரத்தில் திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ அன்றைக்கே வந்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அந்தத் தாளையும் கோப்பில் சேர்த்துவிட்டாள்.