புதுக் கெமராவும் மீரியபெத்த மலையும்

பாடசாலை விடுமுறை வந்தால் கரையோர ஊர்களில் இருக்கும் நம்மவர்கள் வான் பிடித்து மலைநாட்டுக்குப் புறப்படுவது வழக்கம். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு புதிதாக ஒரு கெமரா வாங்குவதும் பல வீடுகளில் நடக்கிறது. சில வீடுகளில் சவூதியிலோ துபாயிலோ இருக்கும் தம்பி கொண்டுவந்து கொடுத்த கெமரா, பெட்டி பிரிக்காமலே பயணப் பைக்குள் போய்விடுகிறது. கைத்தொலைபேசியில் படம் பிடிக்கும் இந்தக் காலத்திலும், தூரத்து அருவியையும் மலையையும் பிடிக்க ஒரு நல்ல கெமரா வேண்டும் என்ற ஆசை போகவில்லை. அந்த ஆசையோடு பதுளை மாவட்டத்தின் பக்கம் போகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பாதை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் பெருந்தெரு பெரகலைச் சந்தியில் இரண்டாகப் பிரிகிறது. இடப்பக்கம் ஏறினால் அப்புத்தளை, பண்டாரவளை. நேரே இறங்கினால் கொஸ்லாந்தை, அதற்கும் கீழே வெல்லவாய. கொஸ்லாந்தையைத் தாண்டி வெல்லவாய பக்கம் போகும்போது தியலும நீர்வீழ்ச்சி தெருவிலிருந்தே தெரியும். உயரம் 220 மீற்றர். இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி இது. அப்புத்தளைப் பக்கம் போனால் தம்பதென்னைத் தோட்டத்துக்கு மேலே தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் லிப்டன் இருக்கை இருக்கிறது. காலையில் போனால் ஊவாவின் சமவெளி விரிந்து கிடக்கும். சற்றுப் பிந்தினால் மூடுபனி ஏறி ஒன்றும் தெரியாமல் போய்விடும்.

ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். பேர்போன ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காலத்தில்தான். அதற்கு மாறாக ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை. இந்த வேறுபாட்டைப் பயணத் திகதி குறிக்கும்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறையா, குளிரா?

மலைக்குப் போய்க் கெமரா மக்கர் செய்தால் எல்லாமே கெமராவின் குறை என்று எண்ணிவிடக் கூடாது. குளிரூட்டிய வானிலிருந்து ஈரக் காற்றுக்குள் இறங்கியதும் கண்ணாடி வில்லையில் பனி படியும். அரை மணி நேரத்துக்குள் தானாக மறைந்தால் அது குறையல்ல. கெமராவைப் பையிலேயே வைத்து, வெளிச் சூட்டுக்குப் பழகவிட்டு, பிறகு எடுத்தால் போதும். மறையாமல் வில்லைக்கு உள்ளே திட்டுத் திட்டாக நின்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று பொருள். கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மூடுபனியில் கெமரா குவியம் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலைவதும் குறையல்ல. பிடித்துக்கொள்ள ஒரு கோடு வேண்டும் அதற்கு. ஒரு மரத்தின் ஓரத்தை நோக்கித் திருப்பினால் சரியாகிவிடும். பனி வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறமாக வந்தால் ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். குளிரில் பற்றரி விரைவில் இறங்குவதும் இயல்பே. மாற்றுப் பற்றரியை உடம்போடு ஒட்டிய பையில் வைத்திருங்கள்.

உண்மையான குறைகள் வேறு. அவற்றை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு செய்தித்தாளைச் சுவரில் விரித்து ஒட்டி, நேர் எதிரே நின்று படம் பிடியுங்கள். நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் மங்கலாக இருந்தால் வில்லை கோணலாக அமைந்திருக்கலாம். வில்லையை மூடிக்கொண்டு இருட்டில் சில படங்கள் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே நிறப் புள்ளி வந்தால் உணரியில் பழுது. அதைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி சில கெமராக்களில் உண்டு, கையேட்டில் பாருங்கள். வெளுத்த வானத்தைப் படம் பிடிக்கும்போது ஒரே இடத்தில் கருமையான கறை வந்தால் அது பெரும்பாலும் தூசி.

எல்லாவற்றிலும் மோசமானது மெமரி கார்டில் நடக்கும் மோசடி. மேலே அச்சிட்ட அளவு ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. முதல் சில நூறு படங்கள் ஒழுங்காகப் பதியும். பிறகு எடுத்தவை திறக்காது. பயணத்துக்கு முன்பே கார்டை ஒருமுறை முழுக்க நிரப்பி, கணினியில் எல்லாம் திறக்கிறதா என்று பாருங்கள். வழியில் கார்டில் பிழை என்று காட்டினால் அதற்கு மேல் ஒரு படமும் எடுக்காதீர்கள். அழித்துப் புதுப்பிக்கச் சொல்லிக் கெமரா கேட்கும், சம்மதிக்காதீர்கள். கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் படங்களை மீட்டெடுக்க வழி உண்டு.

மீரியபெத்த

கொஸ்லாந்தைக்கு அருகே மலைச்சரிவில் இருக்கிறது மீரியபெத்தத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, காலை ஏழு மணி கடந்த நேரம். விடாமல் பெய்த மழைக்குப் பின் மலை சரிந்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் தப்பினார்கள். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் போன பலரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. உயிர் பிழைத்தவர்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்கியிருந்து, பிறகு கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளுக்குப் போனார்கள்.

அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. குறை தெரிந்திருந்தது. ஆனால் போக வேறு இடம் வேண்டுமே! தோட்டத்து லயனில் வாழ்கிறவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாதபோது, எழும்பிப் போங்கள் என்று சொன்னால் எங்கே போவார்கள்?

வீடு போனால் கட்டலாம். அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் மறுபிரதி எடுக்கலாம். கல்யாணப் படத்துக்கும் உம்மாவின் முகம் இருந்த ஒரே படத்துக்கும் மறுபிரதி எங்கே எடுப்பது? உறவினர் வீட்டு ஆல்பத்தில் ஒன்று இருந்தால் அதுதான் மிச்சம். இதை நினைத்தால்தான் கார்டில் பிழை வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும்.

ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் அதை வேடிக்கை இடமாகக் கருதாதீர்கள். சரிந்த மண்ணின் மேல் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடிப்பது முறையல்ல. அது ஒரு மையவாடிக்குச் சமம். கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் பிடிக்கவும் கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே கெமராவை உயர்த்துங்கள். நம் முகத்தைக் கேட்காமல் பிடித்தால் நாம் பொறுப்போமா?

கெமரா உயிர் காக்கும் விதம்

மலைப்பக்கம் குடியிருக்கும் சகோதரிகள் இதைக் கவனமாக வாசியுங்கள். சுவரிலோ முற்றத்திலோ வெடிப்புக் கண்டால், பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து, திகதியோடு படம் பிடியுங்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் நின்று மறுபடி பிடியுங்கள். வெடிப்பு அகல்வது படத்தில் தெரிந்தால், கிராம அலுவலரிடம் காட்ட அதைவிடச் சாட்சி வேண்டாம். புதுக் கெமராவில் திகதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மரங்கள் சாய்வதும், ஊற்று நீர் திடீரெனக் கலங்குவதும், புதிதாக ஊற்றுக் கிளம்புவதும் அடையாளங்கள்தாம். ஆனால் கடும் மழையின்போது படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள், பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மலைகள் சரிந்து உயிர்கள் போனதை நாம் கண்டோம்.

கடைக்காரரிடம் பேசும் முறை

கெமராவில் குறை கண்டால் தாமதிக்க வேண்டாம். பெட்டி, பஞ்சு, வயர் எதையும் எறியாதீர்கள். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. உத்தரவாத அட்டையில் கடையின் முத்திரையும் திகதியும் இருக்கட்டும். அதிலுள்ள தொடர் இலக்கமும் கெமராவின் அடியிலுள்ள இலக்கமும் ஒன்றா என்று வாங்கும்போதே பாருங்கள். வெளிநாட்டில் வாங்கியதென்றால் அந்த உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று கொண்டுவருகிறவரிடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். பல நேரங்களில் செல்லாது.

குறை தெரியும் படங்களை அச்சிட்டு எடுத்துச் சென்று அமைதியாகக் காட்டுங்கள். சத்தம் போடுவதைவிடப் படம் நன்றாகப் பேசும். திருத்தித் தருவதாகச் சொன்னால் எந்தத் திகதிக்கு என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. விற்கும் பொருளின் ஐபை மறைக்கக் கூடாது என்பது நமது மார்க்கம் வியாபாரிக்கு விதித்த கட்டளையும் அல்லவா? கடை வைத்திருக்கும் நம் வாப்பாமாரும் காக்காமாரும் இதை நினைவில் கொள்வார்களாக.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும் ஒரு வேலை மீதி இருக்கிறது. நல்ல படங்களில் பத்தையாவது தாளில் அச்சிடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும். மற்றதை வேறு ஊரில் இருக்கும் ராத்தா வீட்டுக்கோ மாமி வீட்டுக்கோ அனுப்பி வையுங்கள். பழைய ஆல்பத்தில் இருக்கும் மூத்தவர்களின் படங்களையும் அந்தப் புதுக் கெமராவாலேயே பிடித்து, அவற்றோடு சேர்த்து அனுப்புங்கள்.