காத்திருப்பவர் யார்?



தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் மேசையில் பயிற்சி நூல்களின் அடுக்கு ஒருபுறம் இருக்க, கண்ணுக்குத் தெரியாத இன்னோர் அடுக்கும் நாள்தோறும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதுதான் மின்னஞ்சல். கல்வி அமைச்சின் டெலிமா தளம் 2020ஆம் ஆண்டில் அறிமுகமான பிறகு, பள்ளிப் பணிகளில் பெரும்பகுதி இணையத்திற்கு வந்துவிட்டது. சுற்றறிக்கை, பயிற்சிப்பட்டறை அழைப்பு, தரவுப் படிவம், நூல் விற்பனையாளரின் விளம்பரம், பெற்றோரின் மடல் என யாவும் ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன.

மடல்களின் எண்ணிக்கையைப் பற்றியே நாம் குறைபட்டுக் கொள்கிறோம். என் பட்டறிவில், எண்ணிக்கையை விட வரிசையே பெரிய சிக்கல். அஞ்சல் பெட்டி மடல்களை வந்த நேரப்படி அடுக்குகிறது. எது முதன்மையானது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே, ஒவ்வொரு மடலையும் காணும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இதற்காகக் காத்திருப்பவர் யார்?

விடையைப் பொறுத்து மடல்கள் மூன்று வகையாகும். பெற்றோரோ மாணவரோ சக ஆசிரியரோ பதிலுக்காகக் காத்திருந்தால் அது முதல் வகை. அன்றே இரண்டு வரியாவது எழுதிவிடுவேன். அலுவலகம் ஒரு தேதிக்குள் விவரம் கேட்டிருந்தால் அது இரண்டாம் வகை. தேதியை நாட்குறிப்பில் எழுதிவிட்டு, மடலை அதற்குரிய கோப்புறைக்கு மாற்றிவிடுவேன். ‘மக்லுமான்’ என்று தலைப்பிட்டு, தகவலுக்காக மட்டும் வருவன மூன்றாம் வகை. அவற்றின் தலைப்பையும் தேதியையும் மட்டும் அன்றே பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்ததும் ஒருசேரப் படிப்பேன்.

இவ்வாறு பிரிப்பதன் பயனைச் சென்ற ஆண்டு நேரில் கண்டேன். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் தாய் ஒருவர், ஓய்வு வேளையில் நான்கு வரி எழுதி அனுப்பியிருந்தார். வாசிப்புப் பாடம் உள்ள நாள்களில் மட்டும் மகன் வயிற்று வலி என்று அழுகிறானாம். பதினொரு சுற்றறிக்கைகளுக்கு நடுவில் இருந்த அம்மடலைக் காலைச் சபைகூடலுக்கு முன்பே படித்துவிட்டேன். அன்று அவனை வகுப்பின் முன் நிறுத்தாமல், என் மேசையருகே அமர்த்தி மெல்லிய குரலில் வாசிக்கச் செய்தேன். அம்மடல் மூன்று நாள் கழித்துத் திறக்கப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளை இன்னும் சில காலைகள் அழுதிருப்பான்.

மின்னஞ்சலுக்கென்று நான் ஒதுக்கும் நேரம் நாளுக்கு இரண்டு முறைதான்: காலையில் 15 நிமிடம், பள்ளி முடிந்த பின் 30 நிமிடம். வகுப்பில் இருக்கும்போது அறிவிப்பு ஒலியை நிறுத்திவிடுகிறேன். 30 நிமிடப் பாடவேளையில் கைப்பேசி ஒருமுறை ஒலித்தாலும், கலைந்த கவனத்தை மீட்பதற்குள் பாடம் பாதி போய்விடும். அவசரமானால் பள்ளி அலுவலகத்திற்குத் தொலைபேசியில் அழைக்கலாம் என்றும், மின்னஞ்சலுக்கு ஒரு பள்ளி நாளுக்குள் பதில் வரும் என்றும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் கூறிவிடுகிறேன். பதில் எப்போது வரும் என்று தெரிந்தவர் பதற்றமின்றிக் காத்திருப்பார்.

கருவிகளும் துணைசெய்கின்றன. ஜிமெயிலில் வடிகட்டி அமைத்தால் விளம்பரங்கள் தாமாகவே ஒதுங்கிவிடும். குறித்த நேரத்தில் மடல் அனுப்பும் வசதி 2019 முதல் அதில் உண்டு. இரவில் எழுதினாலும் மறுநாள் காலையில் போய்ச் சேரும்படி செய்துவிட்டால், சக ஆசிரியரின் உறக்கம் கெடாது. பெற்றோர் பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது, முகவரிகளை மறைபடிக் கட்டத்தில் இடுவது நல்லது. ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

நாம் எழுதும் மடலும் பிறருக்குச் சுமையாகக் கூடாது. ‘முக்கியம்’ என்று மட்டும் தலைப்பிடுவதை விட, ‘அறிவியல் விழா: மே 12க்குள் பெயர்ப்பட்டியல் தேவை’ என்று எழுதினால், திறக்காமலே செய்தி விளங்கிவிடும். பெற்றோர்களே, நீங்களும் தலைப்பில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் குறிப்பிடுங்கள். அழகிய நடை தேவையில்லை. பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதை உள்ளபடி எழுதினால் போதும்.

அமெரிக்க எழுத்தாளர் மெர்லின் மேன் ‘இன்பாக்ஸ் சீரோ’ என்ற முறையைப் பற்றி 2007ஆம் ஆண்டில் உரையாற்றினார். பெட்டியைக் காலியாக வைப்பதே அதன் நோக்கம் என்று பலர் எண்ணுகின்றனர். பெட்டிக்குள் நம் மனம் சிக்கிக் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதே அவர் வலியுறுத்தியது. அப்படி மிச்சமாகும் நேரம் ஆசிரியருக்கு உரியதன்று. வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உரியது. என் பெட்டியில் இன்றும் படிக்காத சுற்றறிக்கைகள் சில உள்ளன. அவை வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கும். பெற்றோர் எவரும் காத்திருக்கவில்லை என்ற மனநிறைவோடு நாளை வகுப்பிற்குச் செல்வேன்.