சிவந்து போன பச்சை

உங்கள் வீட்டு பீரோவில் எழுபதுகளில் எடுத்த கலர் போட்டோ ஏதாவது இருந்தால், இதைப் படிப்பதற்கு முன் எடுத்து ஒரு தடவை பாருங்கள். கல்யாண ஆல்பமாக இருந்தால் இன்னும் விசேஷம். அன்றைக்குக் கட்டியிருந்தது கிளிப்பச்சைப் பட்டு என்று அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வார். போட்டோவில் அது ஒரு மாதிரிப் பழுப்பாக இருக்கும். வாழைமரம், மாவிலைத் தோரணம், மாப்பிள்ளையின் முகம் எல்லாமே ரோஸ் மில்க்கில் முக்கி எடுத்ததுபோல இருக்கும்.

நான் சொல்ல வந்தது கல்யாணத்தைப் பற்றி இல்லை. சினிமாவைப் பற்றி. சரியாகச் சொன்னால், என் மாமாவைப் பற்றி.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அம்மாவின் கடைசித் தம்பி அங்கே டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். இந்த வார்த்தையின் கனம் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது. கலெக்டர் மருமகனுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது. ஆபரேட்டர் மருமகனுக்குக் கிடைத்தது. சாயங்காலம் ஸ்பீக்கரில் பிள்ளையார் பாட்டு போட்டால் டிக்கெட் கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். பாட்டு முடிவதற்குள் நான் கீற்றுத் தட்டியைத் தாண்டி உள்ளே போய், மணலைக் குவித்து மேடை கட்டி உட்கார்ந்திருப்பேன். ஒரே புரொஜெக்டர். அதனால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்குக்காரருக்கு நல்ல காலம்.

1978 என்று நினைவு. 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. 1968-ல் வந்த ஈஸ்ட்மென் கலர் படம். பத்து வருஷம் ஊர் ஊராக ஓடிக் களைத்து, கடைசியில் எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்த பிரிண்ட். எங்கள் ஜில்லாவின் நாயனத்தையும் சதிரையும் பற்றிய படம், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் மாமாவைக் கேட்டேன்.

"மாமா, நம்ம கொட்டாய்ல மட்டும் ஏன் மரமெல்லாம் செவப்பா இருக்கு?"

மாமா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "அது வேற ஊரு மரம்டா மாப்ளே" என்றார்.

எனக்குப் பதினோரு வயது. சும்மா இருந்திருக்கலாம். திண்ணையில் இருந்த நாலு பேர் முன்னாலே, "எங்க மாமாவுக்குக் கலர் படம் ஓட்டத் தெரியல" என்று சொன்னேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரி ஒரு பாட்டுக் காட்சியில் திடீரென்று திரை முழுக்கப் பச்சை. நாடகக் கம்பெனிக்காரர்கள் விளக்குக்கு முன்னால் வைக்கும் கலர்க் கண்ணாடித்தாளை எங்கேயோ வாங்கி வந்து லென்ஸுக்கு முன்னால் பிடித்திருக்கிறார். மரம் பச்சையானது நிஜம்தான். பத்மினியின் முகமும் பச்சை, சிவாஜியின் நாயனமும் பச்சை. விசில், கூச்சல், திரைமேல் மணல். முதலாளி ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்காகத்தான் அதைச் செய்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிற்பாடு சினிமா வரலாறு படித்தபோது ஒன்று தெரிந்தது. மாமா செய்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. உலகத்தில் கலர் சினிமாவே அப்படித்தான் ஆரம்பித்தது.

திருவிழா நாடகத்தில் ஃபோகஸ் விளக்குக்கு முன்னால் ஒரு கலர்ச் சக்கரம் சுற்றுவார்களே, பார்த்திருப்பீர்கள். ராஜா சிவப்பாவார், நீலமாவார். அதே மாதிரி ஒரு சக்கரத்தைக் கேமராவிலும் புரொஜெக்டரிலும் வைத்தவர்கள் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித்தும் சார்லஸ் அர்பனும். பெயர் கினிமாகலர். பிலிம் என்னவோ கறுப்பு வெள்ளைதான். ஒரு படம் சிவப்புக் கண்ணாடி வழியாக, அடுத்தது பச்சைக் கண்ணாடி வழியாக என்று மாற்றி மாற்றி எடுப்பார்கள். காட்டும்போதும் அதேபோலச் சக்கரம் சுற்றும். சாதாரண மௌனப்படத்தைப்போல இரண்டு மடங்கு வேகம், வினாடிக்கு 32 படம். நம் கண் இரண்டையும் குழைத்து ஒரே படமாகப் பார்த்துவிடும்.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் டெல்லியில் தர்பார் நடத்தினாரே, அதைக் கினிமாகலரில் எடுத்தார்கள். 1912 பிப்ரவரியில் லண்டனில் திரையிட்டபோது இரண்டரை மணி நேரப் படம். லண்டன்காரர்கள் இந்தியாவைக் கலரில் பார்த்தது அப்படித்தான். ஒரே சிக்கல். சிவப்புப் படத்துக்கும் பச்சைப் படத்துக்கும் நடுவில் கண நேரம் போய்விடுகிறது. அதற்குள் குதிரை காலை எடுத்து வைத்துவிடும். அதனால் அசைகிற எதற்கும் ஓரத்தில் சிவப்பாக, பச்சையாக ஒரு ஜரிகை ஒட்டிக்கொள்ளும். தவிர, இரண்டே நிறத்தை வைத்துக்கொண்டு உருப்படியான நீலம் காட்ட முடியாது. இயற்கை வண்ணம் என்று சொல்லிக்கொண்டு நீலமே வராவிட்டால் எப்படி என்று போட்டியாளர் வழக்குப் போட, 1914-ல் மேல்முறையீட்டில் காப்புரிமை அடிபட்டுப் போனது. அந்த தர்பார் படத்திலும் ஒன்றிரண்டு ரீல்தான் மிச்சம் என்கிறார்கள்.

நம் நாட்டிலேயே எடுத்துக் கழுவிய முதல் கலர் படம் 1937-ல் வந்த 'கிசான் கன்யா'. 'ஆலம் ஆரா' எடுத்த அர்தேஷிர் இரானியின் தயாரிப்பு. பெயருக்கு அர்த்தம் குடியானவப் பெண். எடுத்தது சினிகலர் என்ற முறையில். பிலிமின் ஒரு பக்கம் செம்மஞ்சள், இன்னொரு பக்கம் நீலம். அவ்வளவுதான் சாயம். இந்த முறையில் முகம் நன்றாக வரும், மண் நன்றாக வரும். பளிச்சென்ற பச்சை மட்டும் வராது, இருண்டு போகும். விவசாயியைப் பற்றி ஒரு படம், அதில் பயிர்ப் பச்சைக்கு மட்டும் வழியில்லை. எங்கள் ஊரில் யாராவது அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசிப்பதுண்டு.

தமிழுக்கு முழுநீளக் கலர் வந்தது 1956 பொங்கலுக்கு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்', கேவா கலரில். 1958-ல் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்ன'னைப் பாதி கறுப்பு வெள்ளையிலும், சரோஜாதேவி வந்த பிறகு கலரிலும் எடுத்தார். மாமா அப்போது கொட்டகையில் எடுபிடி. "கலர் ரீல் வரப்போவுதுன்னா கார்பன் குச்சியத் தள்ளி வெளிச்சத்தச் சரி பண்ணணும்டா. கொஞ்சம் அசந்தா எல்லாத்து மூஞ்சிலயும் மஞ்சள் பூசுனாப்ல ஆயிடும்" என்பார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே தினம் வந்த கிழவிகள் உண்டாம்.

1959-ல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்'. எடுத்தது கேவா கலரில், ஆனால் பிரதி போட்டது லண்டனில், டெக்னிகலரில். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். டெக்னிகலர் பிரதி என்பது கிட்டத்தட்ட நம் ஊர் அச்சுக்கட்டைச் சேலை மாதிரி. மஞ்சள், மஜந்தா, சயான் என்கிற நீலப்பச்சை, மூன்றுக்கும் தனித்தனி அச்சு. ஒவ்வொன்றாகச் சாயத்தில் நனைத்து பிலிமில் ஒற்றி எடுப்பார்கள். வெளியிலிருந்து ஏற்றும் சாயம் என்பதால் கெட்டிச் சாயமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஈஸ்ட்மென் கலர் அப்படி இல்லை. பிலிமைக் கழுவும்போது அதற்குள்ளேயே ரசாயனம் சேர்ந்து சாயமாக மாறும். சுலபம், மலிவு, சாதாரணக் கேமரா போதும். அறுபதுகளில் எல்லோரும் அதற்குப் போனார்கள். அந்தக் காலத்துப் பிரிண்ட்களில் சயான் சாயம்தான் முதலில் ஓடிப்போகும், அதுவும் வெயிலும் ஈரமும் உள்ள ஊரில் சீக்கிரம். சயானும் மஞ்சளும் சேர்ந்ததுதான் பச்சை. சயான் போனால் பச்சை ஏது? மிச்சம் இருப்பது ரோஸ் மில்க்.

மரம் ஏன் சிவந்தது என்று இது எனக்குத் தெரியவந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கொட்டகையையே பிரித்து, மாமா நிலத்தோடு நிலமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. "நீங்க நல்லாத்தான் ஓட்டுனீங்க மாமா" என்று ஒரு கடிதம் போட்டிருக்கலாம். போடவில்லை.

மாமாவிடம் ஒரு குட்டிகூரா பவுடர் டப்பா உண்டு. ரீல் அறுந்தால் இரண்டு மூன்று படத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார்கள். அந்தத் துண்டுகள் அதில். கட்டபொம்மன் துண்டு ஒன்று, மோகனாம்பாள் துண்டு நாலு, இன்னும் பல. லென்ஸும் கண்ணாடியும் வைத்து, அப்பாவின் வேட்டியில் சினிமா காட்டுகிற வயதில் நான் கெஞ்சியும் அந்த டப்பாவை மட்டும் தரமாட்டார்.

2019-ல் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். வயது எழுபத்தேழு. நான் சென்னையிலிருந்து போயிருந்தேன். தஞ்சாவூரில் முதலில் வலது கண், ஒரு மாதம் கழித்து இடது. நடுவில் இருந்த அந்த ஒரு மாதம் மாமாவுக்குப் பெரிய வேடிக்கை. ஒரு கண்ணை மூடுவார், திறப்பார், மற்றதை மூடுவார். "ஒரு கண்ணுல சாயங்காலமா இருக்கு, ஒரு கண்ணுல காலம்பறயா இருக்குடா" என்றார். புரை விழுந்த லென்ஸ் பழுத்து மஞ்சளாகிவிடும். நீலத்தை உள்ளே விடாது. அதை எடுத்ததும் நீலம் திரும்ப வந்துவிடும். கினிமாகலரிலிருந்து டெக்னிகலருக்கு மாமா ஒரே நாளில் வந்திருந்தார்.

இரண்டாவது கண்ணும் முடிந்து கட்டுப் பிரித்த அன்று பெரிய கோயிலுக்கு அழைத்துப் போனேன். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியத்துக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். உள்ளே எல்லோரையும் விடுவதில்லை. எடுத்த படங்களைக் கோயிலிலேயே வைத்திருக்கிறார்கள். மாமா நின்று நிதானமாகப் பார்த்தார். ஆயிரம் வருஷம் என்றேன். "அது மண்ணுடா. காவி, சுண்ணாம்பு. நம்மளது சாயம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் கேட்டார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கட்டபொம்மன் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிவாஜியின் உடுப்பு நேற்றுச் சாயம் போட்டது மாதிரி இருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து மோகனாம்பாள். நாலு துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணைக் கசக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் சும்மா இமைத்து இமைத்துப் பார்த்தார்.

"மாப்ளே, நீ பாரு."

பார்த்தேன். சுத்தமான ரோஸ்.

"இத்தன வருஷமா எடுத்து எடுத்துப் பாப்பேன். சரியாவே தெரியாது. புரை விழுந்த கண்ணு, அதான் இப்படித் தெரியுதுன்னு நெனச்சுக்குவேன். ஆபரேசன் பண்ணா சரியாயிடும்னு இருந்தேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "அன்னிக்கு நீ சொன்னது சரிதான். செவப்பாத்தான் இருந்திருக்கு."

நாற்பத்தியொரு வருஷம் கழித்து அந்தப் பேச்சை அவர்தான் எடுத்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவசர அவசரமாக விஞ்ஞானம் பேசினேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் சரிசெய்கிறார்கள் மாமா, 'கர்ணன்' 2012-லும் 'கட்டபொம்மன்' 2015-லும் புதுப்பித்து வந்ததே. பிலிமை ஸ்கேன் செய்து, போன சாயத்தைக் கணக்குப் போட்டுத் திரும்ப ஏற்றுகிறார்கள். நிறம் மாறாத பழைய பிரதி ஒன்று கையில் இருந்தால் அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"பிரதி இல்லேன்னா?"

"பார்த்தவங்க யாராவது சொல்லணும்."

"என்னன்னு சொல்லுவான்? பச்சைன்னு சொல்லுவான். எந்தப் பச்சை? நாத்தங்கால் பச்சை வேற. நட்டுப் பச்சை புடிச்சு இருவது நாள் பச்சை வேற. கதிரு வர்ற பச்சை வேற." மோகனாம்பாள் துண்டு ஒன்றில், ஓரத்தில் தெரிந்த மரத்தை நகத்தால் தொட்டார். "இது இருவது நாள் பச்சைடா. புது பிரிண்ட்ல நான் பாத்திருக்கேன், கும்பகோணத்துல."

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கறுப்புக் கண்ணாடியோடு வயலுக்குப் போக வேண்டும் என்றார். தூசு படக்கூடாது என்று அத்தை சத்தம் போட்டார், கேட்கவில்லை. ஐப்பசி, சம்பா நட்டு எழுந்து நின்றது. வரப்பில் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மாமா ரொம்ப நேரம் பார்த்தார். வேளாண்மை ஆபீஸில் இலை வண்ண அட்டை என்று ஒன்று கொடுப்பார்கள். வரிசையாக வெவ்வேறு பச்சைப் பட்டை போட்டது. இலையைப் பக்கத்தில் வைத்து, தழைச்சத்து போதுமா என்று பார்ப்பதற்கு. அந்த அட்டையை மாமா ஒரு நாளும் மதித்ததில்லை.

பக்கத்து வயலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"யூரியாவ அள்ளிக் கொட்டியிருக்கான் பாரு" என்றார்.