பிளக் படிக்கிறவர்

தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை அடியோடு மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன வழக்கு அது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ என்றது. சாலை எல்லோருக்கும் பொது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சாலைக்கே போகாத, லாரியில் ஏற்றிப் பந்தயத் திடலுக்கு மட்டும் கொண்டுபோகிற காரில் வேலை செய்கிறவர்களின் கதி என்ன? கார் பந்தயத்தில் ஊறிய கோவை நண்பரிடம் கேட்டேன். "கலூர்ல ஒருத்தர் இருக்கார். நைட்ரஸ் மாட்டுறவர். நம்ம தமிழ் ஆளு. வாங்க, காட்டுறேன்" என்றார்.

கொச்சியின் கலூரில் எல்லாவற்றுக்கும் அடையாளம் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம்தான். அங்கிருந்து கத்ரிக்கடவுப் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில், இரண்டு கார் நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பழைய ஹோண்டா சிட்டி, 1.5 லிட்டர் விடெக் எஞ்சின். கம்பெனியிலிருந்து வந்தபோது 106 குதிரைச் சக்தி. பின் சீட்டு இல்லை, கதவு அட்டைகள் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. அதில் 50 குதிரை கூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைப் பையன்கள் ஆசான் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பிறந்தது ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதி. டச்சுக்காரர்கள் காலத்தில் பட்டாளத்துத் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்களாகச் சொல்லப்படும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே இன்னும் தோபிகானாவில் வேலை செய்கின்றன. இவருடைய அப்பாவும் அந்தக் கல்லில் துணி அடித்தவர். மகன் மட்டாஞ்சேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போய், அங்கிருந்து பஹ்ரைன் போனார். சல்மாபாத் காரேஜ் ஒன்றில் கார் கழுவும் வேலை. 2004-இல் சாகிர் பாலைவனத்தில் சர்வதேசப் பந்தயத் திடல் திறந்தது. ஃபார்முலா ஒன் நடக்கும் திடல்தான். பக்கத்திலேயே கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் (drag) பந்தய ஓடுதளமும் உண்டு. காரேஜ் முதலாளியின் பையன் அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரிகளில் கார் விடுவான். ஓடி முடித்த கார் பக்கத்தில் நின்று ஸ்பார்க் பிளக் கழற்றிக் கொடுப்பது இவர் வேலை. கழற்றிய பிளக்கை வாங்கி விளக்கடியில் நெடுநேரம் பார்ப்பாராம் ஒரு வயசாளி மெக்கானிக். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது கிடைத்த பதிலில்தான் இவர் தொழில் தொடங்கியது.

ஆசான் மாட்டும் நைட்ரஸ், அதாவது நைட்ரஸ் ஆக்சைடு, 1772-இல் ஜோசப் பிரீஸ்ட்லி பிரித்தெடுத்த வாயு. ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுப்பதும் அதுதான். இரண்டாம் உலகப்போரில் காற்று மெலிந்த உயரத்தில் பறக்க ஜெர்மானியர்கள் விமான எஞ்சினுக்குள் அதைப் பாய்ச்சினார்கள். தானாக எரியாது. எஞ்சின் சூட்டில் உடைந்து ஆக்சிஜனைக் கொடுக்கும். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23 சதவீதம், இதில் 36. ஆக்சிஜன் கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். சக்தி அதிலிருந்துதான் வருகிறது. சினிமாவில் சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் கார் பறப்பதைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு ஆசான் முதலில் சொல்வது இதுதான்: "கேஸு வெறும் காத்துடா. பெட்ரோலு கூடவே வரல்லேன்னா பிஸ்டன்ல ஓட்டை."

குப்பி மாட்டுவதை முழுக்கப் பார்த்தேன். பத்துப் பவுண்டு அலுமினியக் குப்பி. உள்ளே வாயு திரவமாக இருக்கும். வால்விலிருந்து ஒரு குழாய் அடிவரை போய் ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். கார் சீறும்போது திரவம் பின்னுக்கு ஒதுங்கும் அல்லவா? அதனால் குப்பியின் அடி பின்புறம், வால்வு முன்புறம், வால்வுப் பக்கம் சற்றே தூக்கல். குப்பியின் லேபிள் வானம் பார்க்க வேண்டும். அப்போதுதான் உள்குழாயின் வாய் தரை பார்க்கும். திருப்பி மாட்டினால் நடுவழியில் திரவத்துக்குப் பதில் ஆவி வரும், கணக்கெல்லாம் குலையும். ஆசான் இரும்புப் பட்டையை முடுக்கிவிட்டு, தன் முழு எடையையும் போட்டுக் குப்பியை உலுக்கிப் பார்த்தார்.

குளிர்நாட்டில் குப்பிக்கு ஹீட்டர் கட்டுவார்கள். 900 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு ஏறத்தாழ 30 டிகிரி சூடு வேண்டும். கொச்சியில் நிழலே அதைக் கொடுத்துவிடுகிறது. இங்கே ஆபத்து மறுபக்கம். 36.4 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற நிலையே இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அழுத்தம் ஏறினால் கணக்கிட்டதை விட அதிக வாயு பாயும், பெட்ரோல் போதாமல் போகும். ஆகவே பந்தயத் திடலில் வரிசையில் காத்திருக்கும்போது ஆசான் குப்பியைச் சுற்றி ஈரப் பருத்தித் துணி போர்த்துகிறார். தோபிகானாவிலிருந்து கொண்டுவரும் பழைய ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். குப்பியில் எவ்வளவு மிச்சம் என்பதை அழுத்த மானி காட்டாது. வீட்டு கேஸ் சிலிண்டர் மாதிரி எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு தராசு.

வயரிங்கும் லேப்டாப்பும் ஒரு பொறியியல் பட்டதாரிப் பையனின் இலாகா. ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டால் மட்டும், 3,000 சுற்றுக்கு மேல் மட்டும் வால்வுகள் திறக்க வேண்டும், தீப்பொறி இரண்டு டிகிரி தாமதமாக விழ வேண்டும். அவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது.

என்னை நெடுநேரம் உட்கார வைத்தது ஒரு பிஸ்கட் டப்பா. நிறைய பழைய பிளக்குகள். ஒவ்வொன்றிலும் காகிதம் சுற்றி, எந்தக் கார், எந்த ஓட்டம், எந்த ஜெட் (வாயுவும் பெட்ரோலும் பாயும் துளை) என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. புதுப் பிளக் போட்டு ஒரே ஓட்டம். கோட்டைத் தாண்டியதும் கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். மெதுவாக ஓட்டி வந்தால் படிந்தது கலைந்துவிடும். ஆசான் விளக்கு பொருத்திய பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். வெள்ளைப் பீங்கானின் ஆழத்தில் மெல்லிய கருவளையம் ஒன்று: பெட்ரோல் சரி. கொக்கி மாதிரி வளைந்த கம்பியில் நிறம் மாறிய கோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்துத் தீப்பொறியின் நேரம். இன்னொன்றை எடுத்தார். பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல் கரும்புள்ளிகள். எரிதல் வெடிப்பாக மாறத் தொடங்கியிருக்கிறது. கடைசியாக ஒன்று. அதே புள்ளிகளுக்கு நடுவே ஊசிமுனை அளவு வெள்ளி மணிகள் மின்னின.

"அது பிஸ்டன், சார். உருகித் தெறிச்ச அலுமினியம்."

அந்தக் காருக்கு வேறொருவர் நைட்ரஸ் கிட் மாட்டியிருந்தார். வாயுவுக்கும் பெட்ரோலுக்கும் தனித்தனியாக ஒரு பித்தளை ஜெட் உண்டு, மோதிர விரல் நகத்தை விடச் சிறியது. மேலே பொறித்த எண் துளையின் அளவு: 22 என்றால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 22 பங்கு. அந்தப் பெட்ரோல் ஜெட்டில் 22 என்று பொறித்திருந்தது. ஆசானின் அளவுக் கம்பி 20-க்கு மேல் நுழையவில்லை. போலிச் சரக்கு. அன்றிலிருந்து எந்தப் பெட்டியில் வந்த ஜெட்டாக இருந்தாலும் கம்பி விட்டுப் பார்க்காமல் மாட்டுவதில்லை.

அந்தப் போலி யார் வழியாக வந்தது? இதைக் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் பொங்கியது. கிட்டை வெளியூரிலிருந்து தருவிக்கும் தரகர் ஒருவர், அவருக்குக் கீழே ஊருக்கு ஒருவர். ஸ்பானரைத் தொடாத இவர்கள் ஒவ்வொருவரும் எடுக்கும் கமிஷன், நாள் கணக்கில் காருக்கடியில் படுத்து மாட்டுகிற ஆசானின் கூலியை விட அதிகம். எஞ்சின் போனால் பழி மாட்டியவர் தலையில். வாயு விவகாரம் இதைவிட மோசம். 2016 எரிவாயு உருளை விதிகளின்படி, அங்கீகாரம் பெறாத வகைக் குப்பியில் யாரும் வாயு நிரப்பக் கூடாது. வெளிநாட்டு முத்திரையோடு வரும் பந்தயக் குப்பியை உரிமம் பெற்ற எந்த நிலையமும் தொடாது. அமெரிக்காவில் வண்டிக்கென்றே, யாரும் முகரக்கூடாது என்று கந்தக டை ஆக்சைடு கலந்து விற்கிறார்கள். இங்கே அப்படி ஒரு வழி கண்ணில் படவில்லை. நேர்வழி அடைபட்டால் தரகன் பிழைப்பான். நோயாளிக்குப் போக வேண்டிய நீல உருளை பின்வாசல் வழியாகக் கைமாறுகிறது என்றால் அது பந்தயமும் இல்லை, தொழிலும் இல்லை, திருட்டு. ஆசான் அந்த வாயுவை வாங்குவதில்லை என்றார். குப்பி நிறைந்து வந்தால் ரசீது கேட்பாராம். இல்லாவிட்டால் காரைத் தொடமாட்டார். இதனால் போன வேலைகளே அதிகம்.

ஓடவும் இடம் வேண்டுமே. மோட்டார் சைக்கிள்களுக்குச் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தேசிய டிராக் சாம்பியன்ஷிப் நடக்கிறது. பெங்களூரு வீரர் ஹேமந்த் முத்தப்பா பல பட்டங்கள் வென்றது அங்கேதான். கார்களுக்கு லோனாவாலா அருகே ஆம்பி வேலியின் விமான ஓடுதளம் பேர்பெற்றது. கலூரிலிருந்து அவ்வளவு தூரம் காரை லாரியில் ஏற்றிப் போக எத்தனை பேரால் முடியும்? முடியாத பையன்கள் நள்ளிரவில் கொச்சியின் கன்டெய்னர் சாலைக்குப் போகிறார்கள். அபராதம் மட்டும் அவர்களை நிறுத்தாது. சோழவரத்தில் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தானே சென்னைக்காரர்கள் பல பத்தாண்டுகள் முறையாகப் பந்தயம் நடத்தினார்கள்? ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நிற்கிற 402 மீட்டரை ஓர் அரசு மாதத்தில் ஒரு நாள் கொடுத்தால், இந்தப் பிள்ளைகளில் சிலர் உயிரோடு இருப்பார்கள். இதை நான் வெறும் வார்த்தைக்காகச் சொல்லவில்லை.

சாயங்காலம் சிட்டியின் சொந்தக்காரப் பையன் வந்தான். ஐம்பது போதாது, எழுபத்தைந்து போடுங்கள் சேட்டா என்று கெஞ்சினான். ஆசான் பேசவில்லை. வெள்ளி மணிகள் ஒட்டிய பிளக்கையும் கண்ணாடியையும் அவனிடம் நீட்டினார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பிறகு ஆசான் பெட்ரோல் வால்வை மட்டும் திறந்து, அளவு ஜாடியில் பிடித்து, மணி பார்த்து, எழுதி வைத்தார். பிளக் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.8 மில்லி மீட்டர். கூலியில் பாதி இப்போது; மீதி, முதல் ஓட்டம் முடிந்து நாலு பிளக்கையும் அவர் கண்ணால் பார்த்த பிறகு. பையன் சரி என்றான்.